மகள் வீட்டுப் பனைக்கு வாங்கிய குளிர்ச்சட்டை

சென்ற நவம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பின்முற்றத்தில் என் தோள் உயரத்துக்கு இரண்டு பனைகள். ஒன்று மண்ணில், மற்றது தொட்டியில். ஈத்தாமொழித் தென்னந்தோப்பில் அறுபது வருடம் கழித்த எனக்கு, அந்தக் குளிரில் விசிறி ஓலையைக் கண்டதும் சிரிப்புத்தான் வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் பன்னாடை சுற்றியதுபோல் தண்டெல்லாம் பழுப்பு நார். சீட்டில் 'டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி' என்றிருந்தது. அதிர்ஷ்டப் பனையா என்று கேட்டேன். "இல்லை மாமா, ராபர்ட் ஃபார்ச்சூன் என்று ஒருவர். 1849-ல் சீனாவிலிருந்து இங்கே அனுப்பி வைத்தாராம்" என்றார் மருமகன்.

இரண்டுக்கும் போடத்தான் இந்தச் சட்டையை இணையத்தில் வாங்கினார். ஒன்று 24 பவுண்டு. என் காதில் 24 பவுன் என்று விழுந்து ஒரு நொடி திகைத்துவிட்டேன். நம் ஊரில் அதற்கு ஒரு கல்யாணப் பேச்சையே தொடங்கிவிடலாம்.

நெய்யாத வெள்ளைத் துணியில் தைத்த நீளப் பை அது. முன்னால் ஜிப், அடியில் இழுத்துக் கட்ட நாடா. ஓலைகளை மேலே கூட்டிக் கட்டிவிட்டு மாட்ட வேண்டும். துணியைக் குறை சொல்ல மாட்டேன்; காற்று போய்வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தார். காலையில் உள்ளே வியர்த்து, ஓலையெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

குறை உச்சியில்தான். மழை அந்தத் துணி வழியே இறங்கிக் குருத்தில் தேங்குகிறது. ஜனவரி நடுவில் அவிழ்த்து, தொட்டிப் பனையின் நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் கூழாகி, நாற்றம். தென்னையில் குருத்தழுகல் பார்த்தவர்களுக்கு அந்த நாற்றத்தைச் சொல்லித் தெரிய வேண்டாம். அழுகலை வழித்தெடுத்தேன். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடை மருமகன் ஊற்றினார், நுரைத்துப் பொங்கியது. துடைத்துக் காயவிட்டு, பேத்தியின் பழைய பிளாஸ்டிக் பேசினை உச்சியில் கவிழ்த்தேன். பார்க்க அசிங்கம்தான், மகளுக்குக் கோபம் வேறு. ஏப்ரலில் நான் கிளம்பும் முன் விரல் நீளத்துக்குப் புதுக்குருத்து எட்டிப் பார்த்தது.

மண்ணில் நின்ற பனைக்கு இந்தச் செலவே வீண். வேர் பிடித்த இந்த இனம் மைனஸ் 10 டிகிரியையும் தாங்கும். அங்கே மைனஸ் 5-க்குக் கீழே இறங்கவேயில்லை. தொட்டியில் இருப்பதற்குத்தான் ஆபத்து, ஏனென்றால் சுற்றிலும் குளிர் ஏறி வேரே உறைந்துவிடும். ஆனால் இந்தச் சட்டை தொட்டியை மூடுவதில்லை. நாங்கள் சாக்கு சுற்றினோம். விற்பவர்கள் ஒரு மழைத்தொப்பியும் தொட்டிக்கு ஓர் உறையும் சேர்த்துத் தந்தால் 30 பவுண்டுகூடக் கொடுக்கலாம். இப்போதைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று.

வாங்குவதென்றால் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். ஓலையை நெருக்கினால் மட்டை முறிகிறது. வெயிலடித்து இளகுகிற நாட்களில் திறந்துவிடுங்கள். ஜிப்பை நம்ப வேண்டாம். உறைபனி பிடித்த ஒரு காலையில் இழுத்தபோது பல் போய்விட்டது. பலகாரப் பெட்டியைக் கட்டிக்கொண்டுபோன நம் ஊர்த் தென்னங்கயிறுதான் மிச்சக் குளிர்காலம் முழுக்க அதைப் பிடித்து நிறுத்தியது.