கிஃப்ட் ஆன்யூட்டி போட்டேன், விருது அந்த ஆபீஸ் அம்மாவுக்குத்தான்

அமெரிக்கால நான் படிச்ச காலேஜ்லயே கிஃப்ட் ஆன்யூட்டி (நன்கொடை குடுத்துட்டு ஆயுசு முழுக்க பணம் வாங்குற திட்டம்) போட்டேன், என் வயசு 75, பத்தாயிரம் டாலர் குடுத்தா வருஷம் 700, மூணு மாசத்துக்கு ஒருதடவ 175ன்னு சாகுற வரைக்கும் வரும், அப்புறம் மிச்சம் காலேஜுக்கு. ரேட்டு அவங்க இஷ்டத்துக்கு வச்சதில்ல, 1927ல ஆரம்பிச்ச அமெரிக்கன் கவுன்சில் ஆன் கிஃப்ட் ஆன்யூட்டீஸ்ங்கிற அமைப்பு போடுற வயசுவாரி ரேட்டு டேபிள்தான், 2024 டேபிள்ல என் வயசுக்கு 7%.

முதல் செக் மூணு வாரம் லேட்டு, கேட்டா கதவு நம்பர் தப்பா ஏறிடுச்சாம், செம கடுப்பு.

ஆனா காலேஜ் ஆபீஸ்ல என் ஃபைல் பாத்த அம்மா இருக்காங்களே, "போட்ட பணத்த திரும்ப எடுக்க முடியாது சார், வீட்ல பேசிட்டு வாங்க"ன்னு பேனாவக்கூட குடுக்காம ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. பெரிய நன்கொடை புடிச்சு தர்றவங்களுக்கு மேடை போட்டு சால்வை போத்துறோம், இப்படி திருப்பி அனுப்புறவங்களுக்கு யாரு போத்துவா?

நாலு ஸ்டார். அஞ்சாவது அந்த செக்குல போச்சு.