ட்ரெட்ஸ்: வட்டி குறைவு, ‘அக்செப்ட்’தான் வருவதில்லை

ஓசூரில் பட்டறை வைத்திருக்கும் நண்பர், “ட்ரெட்ஸில் சேரலாமா?” என்று கேட்டார். பெரிய கம்பெனிக்குப் போட்ட பில்லைக் காட்டி, கெடு நாளுக்கு முன்பே வங்கியிடம் பணம் வாங்க சிறு தொழில்களுக்கு இருக்கும் ஆன்லைன் ஏற்பாடுதான் ட்ரெட்ஸ். அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் கோவையில் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து தருகிறோம். ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்ற ட்ரெட்ஸ் தளங்களில் எதில் சேர்ந்தாலும் முறை ஒன்றுதான். பில்லை ஏற்ற வேண்டும், சரக்கு வாங்கும் கம்பெனி அதை ஒப்புக்கொள்ள (‘அக்செப்ட்’ செய்ய) வேண்டும், என்ன வட்டிக்குப் பணம் தருவோம் என்று வங்கிகள் ஏலம் கேட்கும், பிடித்த ரேட்டை எடுத்தால் ஓரிரு வேலை நாளில் பணம் வந்துவிடும்.

முதல் தடவை ரேட்டைப் பார்த்தபோது நம்பவே முடியவில்லை. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வாங்கிய ஓவர்டிராஃப்ட் கடனைவிட நன்றாகவே குறைவு. வங்கி எடை போடுவது என்னை அல்ல, பில்லுக்குப் பணம் கட்டப்போகும் பெரிய கம்பெனியை. அவர்கள் கெடு நாளில் கட்டாவிட்டாலும் வங்கி என்னிடம் வந்து நிற்காது. இதற்காகவே இதை உருவாக்கியவர்களைக் கும்பிடலாம்.

ஆனால் அந்த ‘அக்செப்ட்’! சரக்கு உள்ளே போய், சரக்கு வந்து சேர்ந்ததற்கான ரசீதும் (ஜிஆர்என்) போட்டு, எங்கள் ஷாஃப்ட் பம்பில் ஏறி விற்பனைக்கே போயிருக்கும். பில் மட்டும் அக்கவுண்ட்ஸில் தூங்கும். போன் செய்தால் “சார் லீவு”. காரணம் எனக்குப் புரிகிறது. ஒப்புக்கொண்டுவிட்டால் கெடு நாளில் அவர்கள் கணக்கிலிருந்து பணம் தானாகப் போய்விடும். பில் தொகையில் கழிக்க வேண்டும், டெபிட் நோட் என்று சொல்லி இழுக்க முடியாது.

விற்றுமுதல் 500 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் ட்ரெட்ஸில் சேர வேண்டும் என்று மத்திய அரசில் 2018-இல் சொன்னார்கள். பிறகு அதை 250 கோடியாகக் குறைத்து, 2025 மார்ச் 31 வரை கெடு வைத்தார்கள். சேரச் சொன்னார்களே தவிர, பில்லை இத்தனை நாளில் ஒப்புக்கொள் என்று சொல்லவில்லை. 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சிறு, குறு தொழில்களுக்கான 2006 சட்டமே சொல்கிறது, சரி. அடுத்த ஆர்டரும் அவர்களிடமே வாங்க வேண்டியவன் எப்படிப் புகார் கொடுப்பான்?

நாங்கள் சப்ளை செய்யும் இன்னொரு கம்பெனி, தன் கணக்கு, சரக்கு எல்லாம் பார்க்கும் மென்பொருளை (ஈஆர்பி) ட்ரெட்ஸ் தளத்தோடு இணைத்திருக்கிறது. ஜிஆர்என் முடிந்ததும் பில் தானாக ஏலத்துக்குப் போய்விடும். அவர்களுக்கு இதில் ஒரு பைசா கடன் சுமை இல்லை. எங்களுக்கோ மாதச் சம்பளம் தடையில்லாமல் போகிறது. மற்றவர்களுக்கு இதைச் செய்வதில் என்ன கஷ்டம்?

நண்பருக்கு என் பதில்: இப்போது சேர வேண்டாம். உங்கள் கம்பெனி எத்தனை நாளில் அக்செப்ட் செய்யும் என்று பர்சேஸ் மேனேஜரிடம் எழுத்தில் வாங்குங்கள், அப்புறம் பார்க்கலாம்.