கரையேற்றிய மீன்பிடிப் படகின் பேட்டரி: கழற்றுவதா, சார்ஜரில் விடுவதா, சுவிட்சை மட்டும் அணைப்பதா?

படகு ஓடாமல் நிற்கும் மாதங்களில்தான் அதன் பேட்டரியும் வயரிங்கும் அதிகம் கெடுகின்றன. ஓடும் நாட்களில் எஞ்சினே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிடும். ஒரு வயர் தளர்ந்தாலும் அன்றே தெரிந்துவிடும். கரையேற்றிய பிறகு இந்த இரண்டும் இல்லை. சார்ஜ் மெல்ல இறங்குகிறது, உப்பு மெல்ல அரிக்கிறது, யாருக்கும் தெரிவதில்லை.

பேட்டரியிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான படகுகளில் இருக்கும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரியை மனதில் வைத்தே சொல்கிறேன்.

பலரும் செய்வது, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது. இதை நான் பாதுகாப்பு என்றே கணக்கில் எடுக்க மாட்டேன். அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பில்ஜ் பம்புக்கான வயர் பெரும்பாலும் மெயின் சுவிட்சைத் தொடாமல் நேராக பேட்டரியிலிருந்தே போகும். ஆள் இல்லாதபோதும் பம்ப் ஓட வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருப்பார்கள். சில படகுகளில் ரேடியோவின் நினைவக வயரும் அப்படித்தான். இவை சேர்ந்து வெறும் 20 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணி, மாதத்துக்குச் சுமார் 14, மூன்று மாதத்தில் 43. பேட்டரியின் கொள்ளளவு 80 ஆம்பியர்-மணி என்றால் பாதிக்கு மேல் போயிற்று. பேட்டரி தன்னாலேயே இழக்கும் சார்ஜ் இந்தக் கணக்கில் சேரவில்லை. இறங்கிய நிலையில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய திறன் திரும்பாது.

சுவிட்சோடு நிறுத்தாமல் நெகட்டிவ் வயரையும் கழற்றினால் இந்தக் கசிவு நின்றுவிடும். நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அது தவறிப்போய் எஞ்சின் இரும்பில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. ஆனால் ஒன்று: படகு தண்ணீரிலேயே கட்டிக் கிடந்தால் பம்புக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தவே கூடாது. கரையில் நிற்கும் படகென்றால் அடியிலுள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றி, மழைநீர் தானே வடியும்படி சற்றே சாய்த்து வைத்தால் போதும்.

அடுத்தது, தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் சார்ஜரில் மாட்டிவிடுவது. நல்ல சார்ஜர் 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றி முடித்ததும் 13.5 வோல்ட் சுமாருக்கு இறங்கி அங்கேயே நிற்கும். பேட்டரி எப்போதும் நிறைந்திருக்கும், தூக்கிச் சுமக்கும் வேலையும் இல்லை. பழைய சாதாரண சார்ஜரை இந்த இடத்தில் வைக்கவே வேண்டாம். அது ஏற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரியும். நல்ல சார்ஜரிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு: மாதக்கணக்கில் ஆள் இல்லாத இடத்தில், தார்பாய்க்குள், மழையில் கிடக்கும் வயரில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதத்தை எட்டினாலே தீப்பிடிக்கக்கூடியது. கூரைக்குள் நிறுத்தி, காற்றோட்டம் வைத்து, அவ்வப்போது போய்ப் பார்க்க முடிந்தவர்களுக்கு இது நல்ல வழி.

கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். பேட்டரி 20 கிலோவுக்கு மேல் இருக்கும். முதுகு ஒத்துழைக்காதவர்கள் இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்வது நல்லது. அந்தச் சிரமத்துக்கு ஈடாக, கசிவு, உப்பு, திருட்டு மூன்றிலிருந்தும் பேட்டரி தப்புகிறது. வெயில் படாத இடமாக வையுங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் தானாக இறங்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். மாதம் ஒருமுறை மல்டிமீட்டரில் பாருங்கள்: நிறைந்த பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும், 12.4க்கு வந்தால் ஏற்ற வேண்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று இன்னும் சொல்கிறார்கள். இன்றைய பிளாஸ்டிக் கூடுள்ள பேட்டரிக்கு அது பொருந்தாது. கழற்றும் முன் வயர்களைப் படம் எடுத்து, பாசிட்டிவ் முனைகளில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது மாறிப்போனால் எஞ்சினின் சார்ஜிங் பகுதியும் மீன் தேடும் கருவியும் ஒரே நொடியில் போய்விடும்.

மின்சாரமே இல்லாத துறையில் மிதந்தபடி கிடக்கும் படகுக்குச் சின்ன சோலார் பலகை சரி. 10 வாட் போதும், நடுவில் சார்ஜ் அளவுக்கு மீறி ஏறாமல் தடுக்கும் கன்ட்ரோலர் இருக்க வேண்டும். தார்பாய்க்கு அடியில் வைத்தால் பயனில்லை.

லித்தியம் பேட்டரிக்கு மேலே சொன்ன எதையும் அப்படியே பின்பற்ற வேண்டாம். நிறைய ஏற்றி வைக்காமல் பாதியளவு சார்ஜில் கழற்றி வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். உறைகுளிரில் சார்ஜ் ஏற்றக் கூடாது.

சரி, பேட்டரியை எந்த வழியில் காப்பாற்றினாலும் வயர் முனைகளில் களிம்பு பிடித்துவிட்டால் படகு ஸ்டார்ட் ஆகாது. இந்த வேலைக்குத்தான் ஆட்கள் கொடுக்கும் நேரம் மிகக் குறைவு, எனக்கு அது வருத்தம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்து நனையும். ஆகவே முனையில் உப்பை வைத்துக்கொண்டு அதன்மேல் எதைப் பூசினாலும் உள்ளே அரிப்பு நடக்கும். நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் பூசுங்கள்.

எதைப் பூசுவது? அரிப்பைத் தடுக்கும் ஸ்ப்ரே மெல்லிய படலம்தான், சில வாரங்களுக்கு உதவும். கை நுழையாத இடுக்குகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். பெட்ரோலியம் ஜெல்லி எளிதாகக் கிடைக்கும், ஆனால் கடும் வெயிலில் உருகி வழியும். நீண்ட காலத்துக்கு டைஎலக்ட்ரிக் கிரீஸ் சிறந்தது. அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் நட்டை இறுக்கிய பிறகு மேலே பூச வேண்டும், இடையில் அப்பக் கூடாது.

இணைப்புகளில் சாதாரண இன்சுலேஷன் டேப்பை நம்பவே வேண்டாம். பசை விட்டுப்போய், உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். அந்த ஈரம் செம்பு இழைகளுக்கு நடுவே வயருக்குள் தூரமாக ஏறிக் கறுக்கச் செய்யும். உள்ளே பசையுள்ள, சூடாக்கினால் சுருங்கும் குழாயைப் போட்டு, வெள்ளீயம் பூசிய செம்பு வயரையும் பயன்படுத்தினால் அந்த இணைப்பு பல ஆண்டுகள் நிற்கும். மீன் தேடும் கருவியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், படகில் மிஞ்சும் பிளக்குக்கு மூடி போடுங்கள். படகை மூடும் தார்பாயில் இரு முனையிலும் காற்றுப் போக இடம் விடுங்கள். அந்த இடைவெளி வழியாக எலி நுழையாதபடி வலை கட்டினால் வயர்களும் தப்பும்.