தட்டு கழுவும் தொட்டியும் மண்டபத்துக் காற்றும்

நான் வைத்திருக்கும் இசைத்தட்டு கழுவும் தொட்டியின் விலை இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பரமக்குடி நண்பர், "வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு சொல்லில் பதில் வரவில்லை. ஆகவே இது.

தூரிகைகளுக்கு நடுவே தட்டை நிறுத்திக் கையால் சுற்றும் வேலை அவருக்குத் தெரிந்ததுதான். லேபிள் நனைவதில்லை. அத்தா கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் சேர்த்த தட்டுகளில் பாதி, பூஞ்சை பூத்துக் கிடந்தன. விரல் பிசுக்கும் உறையின் காகிதத் தூசியும் கொஞ்சம் ஈரமும் இருந்தால் அதற்குப் போதும். கழுவிய பிறகு நாகூர் ஹனிபாவின் சிறிய தட்டொன்றைப் போட்டேன். இரண்டு அடிகளுக்கு நடுவே அவர் மூச்சை இழுப்பது கேட்டது. அந்த மூச்சுக்கே கொடுத்த காசு தகும்.

தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றவே கூடாது. காய்ந்ததும் உப்பும் சுண்ணாம்பும் தட்டின் வரிகளுக்குள் தங்கிவிடும். காவிரிக் குடிநீரைத் தட்டுக்கு ஊற்றினால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பேட்டரிக் கடையில் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் கதி. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டு வைத்திருப்பவர்கள் கழுவும் திரவத்தில் ஆல்கஹால் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். அரக்கை அது கரைத்துவிடும்.

என் ஆத்திரமெல்லாம் உலர்த்துவதில்தான். காற்றோட்டமான இடத்தில் தானாக உலர விடச் சொல்கிறது கையேடு. எந்தக் காற்றில்? மற்றக் கடலோர ஊர்களில் விடியற்காலையில் நிலக்காற்று வீசும். அந்த நேரத்தில் உலர்த்தித் தப்பிக்கலாம். என் ஊரான மண்டபத்தில் அதற்கும் வழியில்லை. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவே நாக்கைப் போல ஒரு துண்டு நிலம். வடக்கிலிருந்து வாடை அடித்தாலும் தெற்கிலிருந்து சோழகம் அடித்தாலும் உப்போடுதான் வரும். தாங்கியில் ஈரமாக நிற்கும் தட்டு அதை ஆசையோடு வாங்கிக்கொள்கிறது. உப்பு மறுபடி ஈரத்தை இழுக்கிறது. மறுநாள் ஊசியை வைத்தால் பழைய சடசடப்பு. உடன் கொடுத்த துணியோ, தண்ணீரை எடுப்பதைவிட நூலை உதிர்ப்பதில் கெட்டிக்காரத் துணி.

இப்போது தாங்கியை மர அலமாரிக்குள் வைத்து, கீழே சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறேன். ஓரளவு பலிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் பலிப்பதில்லை. அந்த மாதங்களில் கழுவுவதையே விட்டுவிட்டேன்.

நியாயமாகப் பார்த்தால் குற்றம் தொட்டியுடையது அன்று, ஊருடையது. ஆனாலும் கடலோரத்திலும் ஆட்கள் பாட்டுக் கேட்பார்கள் என்று கையேடு எழுதியவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? மூடிய பெட்டியும் சிறிய விசிறியும் சேர்த்துத் தந்திருந்தால் இன்னும் நானூறு ஐந்நூறு கூடக் கொடுத்திருப்பேன்.

பரமக்குடி நண்பரைப் போல வைகைக் கரையில் இருப்பவர் தாராளமாக வாங்கலாம். கடலைப் பார்த்த வீட்டில் இருப்பவர்கள் வாங்கவே வேண்டாம்.

இதைச் சொன்னதும், "அப்படியானால் உங்களுடையதைப் பாதி விலைக்குக் கொடுத்துவிடுங்களேன்" என்றார் நண்பர். தருவதாக இல்லை. மாற்றுத் தூரிகைகளுக்கு நேற்றுதான் பணம் கட்டியிருக்கிறேன்.