தனி வசனமா, முழு அதிகாரமா?

கிறிஸ்தவச் சபையாகச் சேர்ந்து வேதாகம வசனங்களை மனப்பாடம் செய்ய முனைவோர், வாரத்துக்கு ஒரு தனி வசனம் என்று செல்வதா, ஒரு முழு அதிகாரத்தைத் தொடர்ச்சியாகப் பயில்வதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தனி வசனம் எளிது. சிறுவரும் முதியவரும் புதிதாக வந்தவரும் உடனே சேர்ந்துகொள்ளலாம். ஆனால் பிலிப்பியர் நிருபத்தின் 4:13-ஐ (‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’) மட்டும் கற்றவர், எதையும் சாதிக்கும் வல்லமையை அது வாக்களிப்பதாக எண்ணிவிடக்கூடும். 11, 12 வசனங்களோடு சேர்த்துக் கற்றவருக்கோ, குறைவிலும் நிறைவிலும் மனரம்மியமாய், அதாவது மனநிறைவோடு, இருப்பதைப் பற்றியே அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலனாகிய பவுல், அதுவும் காவலில் இருந்துகொண்டு, எழுதுகிறார் என்பது விளங்கும். முழு அதிகாரத்தில் ஒரு வசனம் அடுத்ததை நினைவூட்டுகிறது. ஒருவர் தடுமாறும் இடத்தில் அருகிலிருப்பவரின் குரல் அவரைத் தாங்குகிறது. 23-ஆம் சங்கீதம் 6 வசனங்களே கொண்டது என்பதால், அதிலிருந்து தொடங்கி இவ்வழியிலேயே செல்லும்படி சபைகளுக்கு நான் பரிந்துரைப்பேன்.