மாங்கனீஸ் கலந்த காலியம் ஆர்சனைடு: குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோ நிரலில் நெடுநாள் கணக்கிட்ட அனுபவம்

64 அணு சூப்பர்செல்லில் (அலகுச் செல்லைப் பல மடங்காக்கிய பெரிய செல்) ஃபெர்ரோ, எதிர்ஃபெர்ரோ (மாங்கனீஸ் காந்தங்கள் ஒரே திசை, எதிர்த்திசை) நிலைகள் இரண்டின் ஆற்றலையும் கழித்து நேராகக் கியூரி வெப்பநிலை (ஃபெர்ரோ ஒழுங்கு மறையும் வெப்பநிலை) சொல்வதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு. அந்த வித்தியாசம் மாங்கனீஸ்களுக்கிடையிலான காந்தப் பிணைப்பின் குறியைச் சொல்லும், எந்த இயக்கமுறை என்று காட்டும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

முதலில் ஒரே ஒரு காலியத்தை மாங்கனீஸாக மாற்றிப் பாருங்கள். 32-ல் 1, அதாவது 3.125%. மொத்தக் காந்தத் திருப்புத்திறன் 4.00 போர் மேக்னட்டான் வர வேண்டும். மாங்கனீஸின் 5-ல் ஒன்றைத் துளை (வேலன்ஸ் பட்டையில் எலக்ட்ரான் இல்லாத இடம்) எடுத்துக்கொள்கிறது. 3.8 என்று வந்தால் பெரும்பாலும் ஸ்மியரிங் (எலக்ட்ரான் நிரப்பலை மழுங்கச் செய்யும் அகலம்) அதிகம், இல்லையென்றால் கே-புள்ளிகள் (தலைகீழ் வெளியில் கணக்கிடும் புள்ளிகள்) குறைவு. ஸ்மியரிங் 0.01 ரிட்பெர்க், கே-புள்ளிகள் 4×4×4 என்று தொடங்கலாம். எஸ்சிஎஃப் (தன்னிசைவுச் சுழற்சி) ஆட்டம் காட்டினால் மிக்ஸிங் பீட்டாவை (புதிய அடர்த்தியைக் கலக்கும் விகிதம்) 0.2-க்கு இறக்குங்கள்.

ஜோடிக் கணக்கில் இரண்டு மாங்கனீஸையும் தனித்தனி இனமாக எழுதுங்கள், ஃபெர்ரோ நிலைக்கும் அப்படியே. இரு கணக்கிலும் ஒரே சமச்சீர், ஒரே கே-புள்ளிகள் இருந்தால்தான் எண்பிழை கழிந்துபோகும். பலர் தவறவிடும் இடம் பிம்பங்கள், அதாவது செல் திரும்பத் திரும்ப வருவதால் தோன்றும் அணுவின் நகல்கள். 2ஏ பக்கமுள்ள செல்லில் (ஏ என்பது லாட்டிஸ் மாறிலி, 5.65 ஆங்ஸ்ட்ராம்) ஏ,0,0 தொலைவில் இருக்கும் ஜோடிக்குச் சமதூர அண்டை 2, ஏ,ஏ,0-க்கு 4, ஏ,ஏ,ஏ-க்கு 8. இந்த எண்ணால் வகுக்காவிட்டால் தொலைதூரப் பிணைப்பு வலுவாக இருப்பதுபோல் ஏமாற்றும்.

சாதா ஜிஜிஏ (எலக்ட்ரான் இடைவினைக்கான வழக்கமான தோராயம்) மாங்கனீஸின் டி-நிலைகளை வேலன்ஸ் பட்டையின் உச்சிக்கு மிக அருகே வைத்துவிடுகிறது. 4 ஈவி அளவு யு (டி-எலக்ட்ரான்களின் விலக்கத்துக்கான ஹப்பார்ட் திருத்தம்) கொடுத்தால் ஒளியுமிழ்வுச் சோதனை காட்டும் ஆழத்துக்கு இறங்கும். குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோ 7.1 பதிப்பிலிருந்து யு-வை உள்ளீட்டின் ஹப்பார்ட் அட்டையில் எழுத வேண்டும். பழைய உள்ளீட்டை அப்படியே ஓட்டாதீர்கள்.

கியூரி வெப்பநிலைக்கு எஸ்பிஆர்-கேகேஆர் போன்ற நிரலில் சிபிஏ-வோடு (தற்செயல் கலவையைச் சராசரியாக்கும் தோராயம்) பிணைப்பு மதிப்புகளை எடுப்பதே சரி. ஏஎஸ்ஏ முறை (அணுக்களைக் கோளங்களாகக் கொள்வது) என்றால் படிகத்தின் காலி இடங்களில் வெற்றுக் கோளங்கள் இரண்டை வைக்க மறக்கக் கூடாது. அதன்பின் சராசரிப்புலச் சூத்திரத்தோடு (ஒவ்வொரு காந்தமும் மற்றவற்றின் சராசரியை மட்டும் உணர்வதாகக் கொள்வது) நிறுத்தாமல் மான்டி கார்லோ (தற்செயல் எண் கொண்ட உருவகப்படுத்தல்) அவசியம். எஃப்சிசி தளத்தில் அருகமை அண்டைக்கான ஊடுருவல் எல்லை (இணைப்பு படிகம் முழுக்கத் தொடரத் தேவையான குறைந்தபட்சச் செறிவு) ஏறத்தாழ 20%. 5% மாங்கனீஸுக்கு அருகமைப் பிணைப்பு எவ்வளவு வலுவானாலும் ஒழுங்கு படிகம் முழுக்கப் பரவாது. மாங்கனீஸ் கலந்த காலியம் நைட்ரைடில் பிணைப்பு குறுந்தொலைவுக்கே எட்டுவதால், சராசரிப்புலத்தில் அறை வெப்பநிலையைத் தொடும் மதிப்பு மான்டி கார்லோவில் சில பத்து கெல்வினாகச் சரிந்துவிடும். 20×20×20 செல், அதில் ஏறக்குறைய 1,600 மாங்கனீஸ், குறைந்தது 30 தற்செயல் அமைவுகள், பைண்டர் வளைவுகளின் (வெவ்வேறு செல் அளவுகளுக்கு வரையும் இவை கியூரி வெப்பநிலையில் வெட்டிக்கொள்ளும்) வெட்டுப்புள்ளி: இதற்குக் குறைத்தால் விடை தள்ளாடும்.

இவ்வளவு செய்தும் சோதனை மதிப்பைவிட அதிகமாக வந்தால் இடைநுழை மாங்கனீஸைச் (காலியத்தின் இடத்தில் அல்லாமல் அணுக்களுக்கிடையே நுழைந்தது) சேருங்கள். ஒவ்வொன்றும் இரண்டு துளைகளை அழிக்கும். அருகிலுள்ள பதிலீட்டு மாங்கனீஸோடு எதிர்த்திசையிலும் பிணையும். சோதனைச்சாலையில் படலத்தை 200 டிகிரி செல்சியஸ் அளவில் பதப்படுத்துவது இவற்றை மேற்பரப்புக்கு விரட்டத்தான். ஆகவே ஒப்பிடும் மாதிரி பதப்படுத்தியதா இல்லையா என்று பார்த்த பிறகே செறிவை முடிவு செய்யுங்கள்.