சீனி வருத்தத்துக்கு மெட்போர்மினா, லினாகிளிப்டினா?

உப்புவெளி மாமிக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடும் கழிவு) ஏறியதும் வீட்டில் ஒரே வாக்குவாதம், பத்து வருசமாய்ப் போடுகிற மெட்போர்மினை விடுவதா, அயல்வீட்டு அக்கா சொன்ன லினாகிளிப்டினுக்கு மாறுவதா என்று.

வெளியேறும் வழி: மெட்போர்மின் உடலில் உடையாமல் அப்படியே சிறுநீரில்தான் போகும். சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் தேங்கும், அரிதாக லக்டிக் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும்.
லினாகிளிப்டின் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும், சிறுநீரில் சுமார் 5 வீதம்தான்.

அளவு: ஈ.ஜி.எப்.ஆர். (சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்று காட்டும் எண்) 45க்குக் கீழே இறங்கினால் மெட்போர்மினைப் பொதுவாக நாளுக்கு 1000 மில்லிகிராமுக்குள் அடக்குவார்கள், 30க்குக் கீழே நிறுத்தம்.
லினாகிளிப்டின் எப்போதும் அதே 5 மில்லிகிராம்.

காசு: மெட்போர்மின் மலிவு. மற்றது கையைக் கடிக்கும்.

சீனியைக் குறைப்பதில் மெட்போர்மின்தான் கெட்டி, ஆனால் வயிற்றைக் கலக்கும் (வாந்தி, வயிற்றோட்டம் வந்து உடல் வறண்டால் டொக்டரைக் கேட்டு அதை நிறுத்திவைக்க வேண்டும்).

சிறுநீரகம் ஓரளவு வேலை செய்தால் மெட்போர்மினைச் சும்மா விடாதீர்கள். 30க்குக் கீழே போனவருக்கு லினாகிளிப்டின் பொருந்தும். மாமிக்கு ஈ.ஜி.எப்.ஆர். 38. கிளினிக் கொப்பியில் வேளைக்கு 1000 என்றிருந்த மெட்போர்மினை வெட்டி, காலையும் இரவும் 500 என்று எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.